வடசென்னைக் கடலோரத்தின் கான்கிரீட் ஊர்க்கோயில்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் தொடங்கிப் பழவேற்காடு வரையிலான குப்பங்களிலும், அவற்றை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்புகளிலும் உள்ள கத்தோலிக்கக் கோயில்களைப் பற்றியது இந்தப் பக்கம். அவற்றிலும் 1960-க்கும் 1990-க்கும் இடையில் கான்கிரீட்டில் எழுந்தவையே இங்கே முக்கியம். "பழசாகிப் போச்சு, இடிச்சுட்டுப் புதுசா கட்டிடலாம்" என்ற பேச்சு பங்குப் பேரவையில் (கோயில் வட்டாரத்து மக்களின் ஆலோசனைக் குழுவில்) முதலில் எழுவது இந்தக் கோயில்களைப் பற்றித்தான். அந்த முடிவை எடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றைக் கேள்வி பதிலாகத் தந்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் நாலைந்து தலைமுறையாக வேதக்காரர்கள் இருக்கிறோம். கோயிலுக்கு மட்டும் ஏன் ஐம்பது வயது?

இப்போது நிற்பது அந்த ஊரின் இரண்டாவது அல்லது மூன்றாவது கோயிலாக இருக்கும். சென்னையில் கப்புச்சின் துறவிகளின் பணி 1642-லேயே தொடங்கிவிட்டது. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் அழைத்த ராயப்பர் என்ற பெயரால்தான் ராயபுரம் வந்தது என்பது ஊர் வழக்கு. ஆனால் குப்பங்களில் முதலில் இருந்தது பனையோலைக் கொட்டகையும் ஒரு சுரூபமும்தான். சாமியார் எப்போதாவது வருவார், மற்ற நாட்களில் உபதேசியார் செபமாலை சொல்லிவைப்பார். அடுத்து செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையும் வந்தன. கான்கிரீட் அதற்கும் பிறகு.

இடமே மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. 1876-ல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம், கரையோரமாக வடக்கே நகரும் மணலை மறித்தது. அதனால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. பாறாங்கற்களைக் கொட்டித் தடுத்திருக்கும் இன்றைய கரை, ஊரின் பழைய கரை அல்ல. கோயில் வரலாறு எழுதுகிறவர்கள் "கோயில் எப்போது கட்டியது" என்று கேட்பதற்கு முன், "முதல் கோயில் எந்த இடத்தில் இருந்தது" என்று கேளுங்கள்.

இன்னொரு காரணம் தொழிற்சாலைகள். 1955-ல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1950களில் திருவொற்றியூர் என்ஃபீல்டு, 1960களின் இறுதியில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று வரிசையாக வந்தன. மாதச் சம்பளக்காரர்கள் பெருகினார்கள். கிளைக் கோயிலாக இருந்த இடம் தனிப் பங்காகும்போது ஓட்டுக்கூரை போதாமல் போனது.

பீடம் ஏன் சுவரை விட்டுத் தள்ளி நடுவில் நிற்கிறது?

இந்தத் தலைமுறைக் கோயில்களின் வடிவத்தையே தீர்மானித்த மாற்றம் இது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருவழிபாடு பற்றிய தன் ஏட்டை 1963 டிசம்பர் 4-ல் வெளியிட்டது. மக்கள் வழிபாட்டில் முழு மனத்தோடு பங்கெடுக்க வேண்டும், கோயில்கள் அதற்கு ஏற்றவாறு அமைய வேண்டும், பகட்டைவிட மேன்மையான அழகைத் தேட வேண்டும் என்றது அந்த ஏடு. அடுத்த ஆண்டு செப்டம்பர் 26-ல் வந்த நடைமுறை ஆணை, பீடம் சுவரிலிருந்து விலகி நிற்பது நல்லது என்றது. குரு அதைச் சுற்றி வரவும் மக்களைப் பார்த்துப் பூசை வைக்கவும் வசதியாக இருக்க வேண்டும் என்பது காரணம். 1965 தவக்கால முதல் ஞாயிறு முதல் அந்த ஆணை நடைமுறைக்கு வந்தது.

அதற்கு முன் கட்டிய கோயில்கள் நீண்ட ஒடுக்கமான கூடங்கள். பீடம் கடைசிச் சுவரில், அதற்குப் பின்னால் மாடங்களும் சுரூபங்களும். 1965-க்குப் பிறகு கட்டியவை அகலமாகி, நீளம் குறைந்தன. நடுவில் தூண் வரிசை இருந்தால் பின்னால் உள்ளவர்களுக்குப் பீடம் மறையும் என்பதால் தூண்கள் சுவரோடு ஒதுங்கின. கான்கிரீட் இல்லாமல் இது நடந்திருக்காது. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைக்கு நாலைந்து மீட்டருக்கு ஒரு தாங்கல் வேண்டும். கான்கிரீட் வளைவு பத்து மீட்டரைத் தூணில்லாமல் தாண்டும்.

பழைய கோயிலில் இந்த மாற்றம் பிறகு செய்யப்பட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. பீட முற்றத்தின் விளிம்பில் குனிந்து தரையைப் பாருங்கள். மொசைக் தரையில் ஒரே நேர்கோட்டில், சம இடைவெளியில், சிமெண்டு பூசி அடைத்த சிறு சதுரங்கள் தெரிந்தால் அங்கே கிராதி இருந்திருக்கிறது. மக்கள் முழந்தாளிட்டு நாவில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கிய இடம் அது. புதுத் தரை போடும்போது முதலில் அழிவதும் இந்தத் தடயம்தான். ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

நற்கருணை அப்பத்தை வைத்திருக்கும் பேழை ஏன் ஒரு கோயிலில் நடுவிலும் இன்னொன்றில் ஓரத்திலும் இருக்கிறது?

இரண்டும் சரிதான். பூசை நடக்கும் பீடத்தின் மேல் பேழை இருக்கக் கூடாது என்பதே இன்றைய திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் சொல்வது. பீட முற்றத்திலேயே வேறொரு தகுந்த இடத்திலோ, செபிக்க ஏற்ற தனிச் சிற்றாலயத்திலோ வைக்கலாம். முடிவு ஆயருடையது. இடம் மாற்றினால் அணையா விளக்குக்கான மின்கம்பியையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பிறகு சுவரை வெட்டினால் பூச்சில் விரிசல் நிரந்தரமாகிவிடும்.

பெஞ்சு போடலாமா, தரையிலேயே உட்காரலாமா? எத்தனை பேர் கொள்ளும்?

தரையில் உட்காருவது ஏழ்மையின் அடையாளம் என்று நினைக்க வேண்டாம். 1969 ஏப்ரல் 25-ல் இந்தியாவுக்கென்று ரோம் ஒப்புதல் தந்த 12 வழிபாட்டுத் தழுவல்களில் (உள்ளூர்ப் பண்பாட்டுக்கேற்ற மாற்றங்களில்) தரையில் அமர்வது, காலணி கழற்றுவது, கும்பிடுவது, ஆரத்தி, எண்ணெய் விளக்கு எல்லாம் உண்டு. பெங்களூரில் 1967-ல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையமும் அதை வழிநடத்திய அருட்தந்தை அமலோர்பவதாசும் இந்தப் பாதையில் முன் நின்றார்கள். பீடத்துக்கு முன் நிற்கும் குத்துவிளக்கு அந்த ஆண்டுகளின் தடம்.

கணக்குக்கு, உள்ளளவு 24 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட கோயிலை எடுத்துக்கொள்வோம். பீட முற்றத்துக்கு 5 மீட்டர் போக மீதி 190 சதுர மீட்டர். நடுவழி 1.5 மீட்டர், இரு ஓரவழிகள் 0.9 மீட்டர் வீதம், வாசலடியில் 2 மீட்டர் என்று விட்டால், பெஞ்சு போட ஏறக்குறைய 114 சதுர மீட்டர் கிடைக்கும். வரிசைக்கு வரிசை 0.9 மீட்டர், ஆளுக்கு 0.5 மீட்டர் வைத்தால் 250 பேர். தரையில் என்றால் ஓரவழிகளும் உட்காரும் இடமாகிவிடும், 350 பேர் அமரலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஓரங்களிலும் பின்வரிசையிலும் மட்டும் பெஞ்சு போட்டு, நடுவைத் தரையாக விடுவதே நாங்கள் பரிந்துரைப்பது. திருவிழா நாளில் இடம் நெகிழும்.

கூரை ஏன் வளைவாகவோ மடிப்பு மடிப்பாகவோ இருக்கிறது? அழகுக்காகவா?

அழகும் உண்டு, ஆனால் சிக்கனம் பெரிய காரணம். அந்தக் காலத்தில் சிமெண்டு கட்டுப்பாட்டுப் பொருள். 1982-ல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-ல்தான் முழுதாக நீங்கியது. பர்மிட் கிடைத்த மூட்டைகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். கூலி குறைவு, சாரம் கட்டக் கழி உண்டு. இப்படிப்பட்ட நிலைக்கு மெல்லிய கான்கிரீட் வளைவு பொருத்தமானது. தட்டையான தளம் வளைந்து தொய்யப் பார்க்கும், அதைத் தாங்கக் கனமும் கம்பியும் வேண்டும். வளைவில் பாரம் பெரும்பாலும் அமுக்கமாக இறங்குவதால் 75 முதல் 100 மில்லிமீட்டர் கனமே போதும்.

ஆனால் வளைவு தன் இரண்டு அடிகளையும் வெளிப்பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைப் பிடித்திருப்பவை சுவர் உச்சியில் ஓடும் விளிம்பு உத்திரமும், கூடத்தின் குறுக்கே போகும் இழுகம்பி அல்லது இழு உத்திரமும். புது விளக்கு மாட்டவோ, திரை தொங்கவிடவோ, "பார்வைக்கு மறைக்கிறது" என்றோ குறுக்குக் கம்பியை வெட்டிவிடுவது இந்தக் கோயில்களுக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். அன்றே ஒன்றும் விழாது. சில ஆண்டுகளில் சுவர் உச்சியில் நீளவாக்கில் விரிசல் ஓடும், வளைவின் நடு இறங்கும்.

சுவரில் உள்ள ஜாலிகளை (காற்றுத் துளைச் சட்டங்களை) அடைத்துக் கண்ணாடி போட்டு ஏ.சி. வைக்கலாமா?

வேண்டாம். காற்றை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை, சாமியார் சொல்வது கேட்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

ஒரு சொல் சுவர்களில் மோதி அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கூடத்தின் கனமீட்டரை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன கோயில் 7 மீட்டர் உயரம் என்றால் 1,680 கனமீட்டர். பூசிய சுவர், தரை, கூரை மொத்தம் 956 சதுர மீட்டர், ஆனால் அவை 3 விழுக்காடுதான் உறிஞ்சும், அதாவது 29 சதுர மீட்டருக்குச் சமம். திறந்த ஜாலியும் சன்னலும் 40 சதுர மீட்டர் என்றால் அவ்வளவு ஒலியும் வெளியே போய்விடும். ஓர் ஆள் உறிஞ்சுவது ஏறத்தாழ 0.45 சதுர மீட்டருக்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை 300 பேர் இருக்கையில் ஒலி 1.3 விநாடியில் அடங்கும், பிரசங்கம் தெளிவு. வார நாள் பூசைக்கு 20 பேர் என்றால் மூன்றரை விநாடி. ஜாலிகளை அடைத்துவிட்டால் அதே 20 பேருக்கு ஏறத்தாழ 7 விநாடி ஆகும். எவ்வளவு விலையுயர்ந்த ஒலிபெருக்கி வாங்கினாலும் இந்த முழக்கம் போகாது, சத்தத்தைக் கூட்டினால் இன்னும் மோசமாகும்.

முழக்கத்துக்கு மருந்து: பின்சுவரில் உறிஞ்சும் பலகைகள், மக்களின் காதுமட்டத்தை நோக்கிச் சாய்த்த நெட்டு ஒலிபெருக்கிகள், வார நாளில் எல்லாரும் முன்வரிசைக்கு வருவது. மழைச்சாரல்தான் கவலை என்றால் ஜாலிக்கு வெளியே சாய்வு மறைப்பு போடுங்கள்.

வாசல் கடலைப் பார்த்திருப்பதால் பாதிப்பு உண்டா?

உண்டு. கிழக்குக் கரையில் கடலைப் பார்த்த வாசல் வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை முகப்பு நனைந்துகொண்டே இருக்கும், காற்றில் வரும் உப்பும் அங்கேதான் அதிகம் படியும். முகப்புக் கோபுரமும் சிலுவை நிற்கும் தூணும் மற்ற பகுதிகளைவிட முதலில் கெடுவது இதனால்தான். மணிக்கூண்டில் ஏறி ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கலுக்குப் பிறகு, பார்த்துவிடுங்கள். இடிதாங்கியின் தரைக் கம்பி அறுந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம்.

கூரையிலிருந்து பூச்சு பெயர்ந்து விழுகிறது, கம்பி தெரிகிறது. இடிக்கத்தான் வேண்டுமா?

எல்லா நேரமும் வேண்டியதில்லை. முதலில் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை உடையது, அந்தக் காரம் உள்ளே உள்ள கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. இரண்டு வழிகளில் அந்தக் காவல் போகும். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே போய்க் காரத்தைக் குறைப்பது ஒன்று. உப்பு கம்பியை எட்டுவது இன்னொன்று. கடலோரத்தில் இரண்டும் சேர்ந்து நடக்கும். கட்டும்போதே கரை மணலோ உப்பு ஊற்று நீரோ கலந்திருந்தால் உப்பு முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. கம்பி துருவானால் இரும்பின் பருமன் 2 முதல் 6 மடங்கு வரை வீங்கி, கீழே உள்ள கான்கிரீட்டை உதைத்துத் தள்ளும். அன்று தளத்துக்கு 15 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், வழக்கம். இன்றைய இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடுமையான சூழலுக்கு 45-ம், மிகக் கடுமையான சூழலுக்கு 50-ம் கேட்கிறது.

கூரையின் அடியை நிமிர்ந்து பாருங்கள். முதலில் வெள்ளைப் பூச்சில் மெல்லிய பழுப்புக் கோடு தெரியும். அடுத்த ஆண்டு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அதே இடைவெளியில் இன்னொன்று. அந்தக் கோடுகள் கம்பிகளின் வரைபடம். அந்தக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் செலவு மிகக் குறைவு.

பரிசோதனைகளைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்துச் செய்யுங்கள். சுத்தியலால் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, படம் வரைவது முதல் வேலை. புதிதாக உடைத்த முகத்தில் பினால்ஃப்தலீன் தெளித்தால் காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டியிருந்தால் காவல் போய்விட்டது. வேறு வேறு ஆழங்களில் எடுத்த தூளில் உப்பை அளக்க வேண்டும். கம்பிக் கான்கிரீட்டில் கனமீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடு என்பது அதே விதியின் உச்சவரம்பு. இந்த மூன்றும் இல்லாமல் "இடித்துவிடலாம்" என்று சொல்கிறவர் சொல்வது மதிப்பீடு அல்ல, ஊகம்.

பழுது பார்ப்பதானால் வரிசை தவறக் கூடாது. முதலில் மேல்பக்கக் கசிவை நிறுத்த வேண்டும், கீழே பூசிவிட்டு மேலே விட்டால் இரண்டு மழைக்காலம் தாங்காது. பிறகு முட்டுக் கொடுத்து, கூடத்தின் அந்தப் பகுதியில் பூசையை நிறுத்துங்கள். தளர்ந்த கான்கிரீட்டைக் கை உளியால் கொத்தி, கம்பிக்குப் பின்னாலும் 20 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை எடுக்க வேண்டும். பெரும்பாலான மேஸ்திரிகள் தவறவிடுவது இதைத்தான். கம்பியின் முன்பக்கத் துருவை மட்டும் தேய்த்துவிட்டுப் பூசினால் பின்பக்கம் துரு தொடரும். துருவை உலோகம் மின்னும்வரை நீக்கி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, கம்பியின் கனத்தை அளவுகோலால் பாருங்கள். 10 மில்லிமீட்டர் கம்பி 9 ஆகியிருந்தால் குறுக்குப் பரப்பில் 19 விழுக்காடு போயிற்று. அந்த அளவுக்குப் போனால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். துத்தநாகப் பூச்சு, பிணைப்புப் பூச்சு, பாலிமர் கலந்த கலவை, இந்த வரிசையில் செய்யுங்கள். கலவையை 10 முதல் 20 மில்லிமீட்டர் படலங்களாக ஏற்ற வேண்டும். 7 நாள் ஈரச்சாக்கு.

இதெல்லாம் செய்தும் இரண்டு மூன்று ஆண்டில், ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றிலும் புதுத் துரு கிளம்புவது உண்டு. வேலை மோசம் என்று அர்த்தமில்லை. புதுக் கலவைக்குள் உள்ள கம்பி பாதுகாப்பாகிவிட, உப்பேறிய பக்கத்துக் கம்பி வேகமாக அரிக்கப்படுகிறது. அதைத் தடுக்க ஒட்டின் விளிம்பில் துத்தநாகக் கட்டிகளைக் கம்பியோடு கட்டி வைப்பார்கள். கம்பிக்குப் பதில் துத்தநாகம் கரையும். உப்பு எல்லா இடத்திலும் வரம்பை வெகுவாக மீறியிருந்து, கம்பி பரவலாகக் கால்பங்குக்கு மேல் இழந்திருந்தால், அப்போது கூரையை மாற்றும் பேச்சு நியாயமானது. கூரையை மட்டும் மாற்றினாலும் போதும் என்று பொறியாளர் சொல்லக்கூடும்.

கூரை கறைபட்டிருக்கிறது என்று அதற்குக் கீழே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொய்க்கூரை போடாதீர்கள். துரு நிற்காது, கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போகும். தூண்களுக்குக் கிரானைட் ஒட்டுவதும் இதே கதைதான்.

கட்டிய ஆண்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடிக்கல், மந்திரிப்புக் கல்வெட்டு, உபயத் தகடுகள், மணியின் வார்ப்பெழுத்து ஆகியவற்றை முதலில் பாருங்கள். சுண்ணாம்பு அடித்து மறைந்திருந்தால் மாலை வெயில் சாய்வாக விழும்போது, அல்லது டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, எழுத்தின் நிழலைப் படிக்கலாம். பிறகு திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள். பழைய ஏடுகள் லத்தீனில் இருந்தால் ராயப்பன் பெத்ருஸ் ஆகவும், சவேரி சவேரியுஸ் ஆகவும் இருப்பார்கள்.

ஒரு சிக்கல்: போர்த்துக்கீசிய அரசின் உரிமைக்கு உட்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டமும், நேரே ரோமின் பொறுப்பில் இருந்த சென்னை உயர்மறைமாவட்டமும் 1952-ல்தான் ஒன்றாயின. அதற்கு முன் உங்கள் ஊர் எதன் கீழ் இருந்தது என்று தெரியாமல் தேடினால் தவறான அலமாரியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கோயிலின் பாதுகாவலரான புனிதரின் பெயரை மாற்றலாமா?

கோயில் நேர்ந்தளிக்கப்பட்ட பிறகு முடியாது. திருச்சபைச் சட்டம் 1218.

கடைசியில் இடிப்பதென்றே முடிவானால்?

ஆயரின் எழுத்து மூல இசைவு வேண்டும். கோயிலைப் பொதுப் பயனுக்கு விடுவதானால் குருக்கள் மன்றத்தைக் கலந்த பிறகுதான் அவர் முடிவெடுக்க முடியும். கோயில் போனாலும் பீடம் தன் நேர்ந்தளிப்பை இழப்பதில்லை என்கிறது சட்டம் 1238. எனவே கல்பீடத்தை ஜல்லியோடு ஏற்றி அனுப்பக் கூடாது. அதில் பதித்த அருளிக்கத்தை (புனிதரின் எச்சத்தை) சாமியார் முன்னிலையில் எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். நேர்ந்தளிப்பின்போது கிறிஸ்மா என்ற புனித எண்ணெய் பூசிய சிலுவைகள் சுவரில் 12 அல்லது 4 இடங்களில் இருக்கும், அவற்றையும் கழற்றி வையுங்கள்.

அரசுப் பக்கம், கடலோரத்துக்கு ஒரு தனிக் கண்ணி உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். நகரப் பகுதியில் ஏற்கெனவே அனுமதி பெற்று நிற்கும் கட்டிடத்தை அதே பயனுக்குத் திரும்பக் கட்ட வழி இருக்கிறது. ஆனால் அது அனுமதி பெற்ற கட்டிடம் என்று காட்டக் காகிதம் வேண்டும். பழைய வரைபட ஒப்புதல், வரி ரசீது, மின் இணைப்புத் தேதி எல்லாவற்றையும் கோப்பாகச் சேர்த்து, அனுமதி கைக்கு வந்த பிறகே கடப்பாரையைத் தொடுங்கள். முதலில் இடித்துவிட்டால், சாலைக்குக் கடல்பக்கம் இருக்கும் கோயில் அந்த இடத்துக்குத் திரும்பாமலே போகலாம்.

இடிக்கும் முன் இரண்டு பேர், ஒரு 30 மீட்டர் நாடா, ஒரு நாள் முழுக்க. நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டங்கள், கூரை உயரம், சன்னல் அளவுகள், ஜாலியின் ஒரு கட்டம், சிலுவைப்பாதை 14 நிலைகளின் இடம், பீடத்தின் நாலு பக்கமும் படம். தரையில் இருக்கும் அந்தக் கிராதிக் குழிகளையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி பங்கு அலுவலகத்துக்கு, ஒன்று சாந்தோமில் உள்ள பேராயர் இல்லத்துக்கு.